மடிக்கணினிக்கு ஒரு துறைமுகம்



தோட்டத்து வீடு ஒன்றை மனக்கண் முன் கொண்டு வருவோம். மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கின்றாள். தகப்பனார் பல மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுக்கின்றார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பின்புதான் சிக்கல் தெரிகின்றது. முன்பு வாங்கிய அச்சு இயந்திரத்தின் கம்பி அதில் நுழையவில்லை. தம்பி வைத்திருக்கும் பென்டிரைவைச் செருக இடமில்லை. கணினியின் ஓரத்தில் நீள்வட்டமான சின்னஞ்சிறு துளைகள் இரண்டு மட்டுமே இருக்கின்றன. அவற்றில் ஒன்று மின்சாரத்துக்கு வேண்டும். கடைக்காரரிடம் திரும்பப் போனால், "இதற்கு டாக் என்று ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும்" என்கிறார். இருபது முப்பது வெள்ளியில் தொடங்கி ஆயிரம் வெள்ளியையும் தாண்டும் பல பொருள்களை எடுத்து முன்னே வைக்கின்றார்.

எதை வாங்குவது? எதற்காக வாங்க வேண்டும்? முன்பெல்லாம் கணினியிலேயே இருந்த துளைகள் எங்கே போயின? இந்தக் கேள்விகளுக்கு விடை சுமார் நாற்பத்தைந்து ஆண்டு வரலாற்றில் இருக்கின்றது. அந்த வரலாற்றைத்தான் இன்றைய பேச்சில் நாம் பார்க்கப் போகின்றோம்.

முதலில் பெயரைத் தெரிந்து கொள்வோம். 'டாக்' என்பது கப்பல் வந்து அணையும் துறையைக் குறிக்கும் சொல். கப்பல் கடலில் தன்னந்தனியே ஓடும். பினாங்குத் துறைமுகத்திலோ கிள்ளான் துறைமுகத்திலோ வந்து அணைந்துவிட்டால், சரக்கு ஏற்றுவது, இறக்குவது, எண்ணெய் நிரப்புவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அந்த ஒரே இடத்தில் நடக்கும். மடிக்கணினியும் அப்படித்தான். கையில் எடுத்துச் செல்லும்போது அது தனியே இயங்குகின்றது. மேசைக்கு வந்ததும் பெரிய திரை, விசைப்பலகை, அச்சு இயந்திரம், இணையக் கம்பி, மின்சாரம் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் பெறுவதற்கு அதற்கும் ஒரு துறை தேவைப்படுகின்றது. அந்தத் துறைக்குத்தான் 'டாக்கிங் ஸ்டேஷன்' என்று பெயர்.

கையில் தூக்கிச் செல்லும் கணினியின் கதையைத் தமிழ் மண்ணோடு தொடர்புள்ள ஒருவரிடமிருந்து தொடங்கலாம். ஆடம் ஆஸ்போர்ன் 1939-ஆம் ஆண்டு பாங்காக்கில் பிறந்தவர். இவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். ஆகவே ஆடம் ஆஸ்போர்ன் தம் குழந்தைப் பருவத்தைத் திருவண்ணாமலையில் கழித்தார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்வி கற்று, 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சியில் 'ஆஸ்போர்ன் 1' என்னும் கணினியை அறிமுகப்படுத்தினார். விற்பனையில் வெற்றி கண்ட முதல் கைக்கணினி என்று அதைச் சொல்வார்கள். அதன் விலை 1,795 அமெரிக்க டாலர். எடையோ ஏறக்குறைய 11 கிலோ! தையல் இயந்திரத்தைப் பெட்டியில் வைத்துத் தூக்குவதைப் போலத்தான் அதைத் தூக்க வேண்டும்.

அந்தக் கணினியின் திரை 5 அங்குலம்தான். நீண்ட நேரம் அதை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும். ஆகவே வெளியே ஒரு பெரிய திரையை இணைப்பதற்கும் அதில் வழி வைத்திருந்தார்கள். இதை நாம் கவனிக்க வேண்டும். தூக்கிச் செல்ல வேண்டுமானால் கருவி சிறிதாக இருக்க வேண்டும். உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமானால் திரை பெரிதாக இருக்க வேண்டும். இந்த இழுபறி முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. ஆஸ்போர்னின் நிறுவனம் 1983-ஆம் ஆண்டிலேயே நொடித்துப் போயிற்று. அவர் 2003-ஆம் ஆண்டு கோடைக்கானலில் காலமானார். ஆனால், அவர் தொட்டு வைத்த இழுபறி இன்றளவும் தீரவில்லை.

1980-களில் கணினிகள் ஆண்டுக்கு ஆண்டு இளைத்தன. 1985-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் டி1100 என்னும் மடிக்கணினியை வெளியிட்டது. அது மின்கலத்தில் இயங்கியது. மடியில் வைத்துக் கொள்ளும் அளவுக்கு எடை குறைந்திருந்தது. ஆனால், அந்தக் காலத்தில் ஒவ்வொரு துணைக்கருவிக்கும் ஒவ்வொரு வகையான வாசல் வேண்டியிருந்தது. அச்சு இயந்திரத்துக்கு 25 துளைகள் கொண்ட அகன்ற வாசல். தொலைபேசி வழியாகச் செய்தி அனுப்பும் மோடத்துக்கு வேறொரு வாசல். திரைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, சுட்டிக்கு ஒன்று. இவற்றையெல்லாம் ஒரு மெல்லிய கணினியின் ஓரத்தில் எப்படி அடுக்குவது? அலுவலக ஊழியர் ஒருவர் காலையில் வந்து ஐந்தாறு கம்பிகளைச் செருக வேண்டும். மாலையில் அத்தனையையும் கழற்ற வேண்டும்.

இந்தத் தொல்லைக்குத் தீர்வாகவே டாக்கிங் ஸ்டேஷன் பிறந்தது. கணினியின் பின்புறத்தில் அகலமான ஓர் இணைப்பை மட்டும் வைத்தார்கள். மற்ற வாசல்கள் அனைத்தையும் மேசையில் கிடக்கும் ஒரு பெட்டிக்கு மாற்றினார்கள். கம்பிகள் எப்போதும் பெட்டியிலேயே செருகியபடி இருக்கும். ஊழியர் வந்து கணினியை அதன் மேல் வைத்து அழுத்தினால் போதும்.

இவற்றுள் மிகவும் புதுமையானது 1992-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'பவர்புக் டூவோ' என்பதாகும். அந்தக் கணினியின் எடை 2 கிலோவுக்கும் குறைவு. எடையைக் குறைப்பதற்காக அதிலிருந்த நெகிழ்தட்டு இயக்கியைக்கூட எடுத்துவிட்டார்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ 'டூவோ டாக்' என்னும் பெட்டி காத்திருக்கும். வீடியோ நாடாவை வீடியோ இயந்திரத்தில் தள்ளுவோமே, அதைப் போலக் கணினியை மூடி அந்தப் பெட்டியின் வாய்க்குள் தள்ளினால், உள்ளே இருக்கும் மோட்டார் அதை இழுத்துக் கொள்ளும். மேலே வைத்த பெரிய திரையில் அதே வேலையைத் தொடரலாம். கண்டவர்கள் வியந்தார்கள்.

ஆனால், இந்த வியப்புக்குள் ஒரு கண்ணியும் இருந்தது. டூவோ கணினி மட்டுமே டூவோ டாக்குக்குள் போகும். வேறு எதுவும் போகாது. 1997-ஆம் ஆண்டில் டூவோ வரிசை நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய அந்தப் பெட்டிகளுக்குப் புதிய கணினிகள் எதுவும் பொருந்தவில்லை. ஆப்பிள் மட்டும் இப்படிச் செய்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஐ.பி.எம்., காம்பேக், தோஷிபா, டெல் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வடிவத்தை வைத்துக் கொண்டது. ஓர் அலுவலகம் நூறு மேசைகளில் ஒரு நிறுவனத்தின் டாக்குகளை வாங்கிப் போட்டுவிட்டால், அடுத்த முறை கணினி வாங்கும்போதும் அதே நிறுவனத்திடம்தான் போக வேண்டியிருந்தது. பழைய காலத்துத் தோட்டக் கடையில் கணக்கு வைத்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதன்று. கணக்கு இருக்கும் வரையில் வேறு கடைக்குப் போக முடியாது அல்லவா?

இந்தக் கட்டு அவிழத் தொடங்கியது 1996-ஆம் ஆண்டில். இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே வாசலை வகுத்தன. அதுவே யூ.எஸ்.பி. இதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னின்றவர்களுள் ஒருவர் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் பிறந்த அஜய் பட் என்னும் பொறியாளர். சுட்டி, விசைப்பலகை, அச்சு இயந்திரம், நிழற்படக் கருவி ஆகிய எதுவாக இருந்தாலும் ஒரே வடிவக் கம்பி போதும் என்றாயிற்று. 1998-இல் வெளிவந்த ஐமேக் கணினி பழைய வாசல்களை அடியோடு நீக்கி யூ.எஸ்.பி.யை ஏற்றுக் கொண்டபோது, துணைக்கருவி செய்பவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

தொடக்கத்தில் இதன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு அதை 480 மெகாபிட்டாக, அதாவது நாற்பது மடங்காக, உயர்த்தியது. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு 5,000 மெகாபிட்டைத் தொட்டது. நம் வட்டாரத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் ட்ரெக் 2000 நிறுவனம் 'தம்டிரைவ்' என்னும் பெயரில், கட்டைவிரல் அளவிலான நினைவகத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் தைவானில் தொடங்கப்பட்ட பைசன் என்னும் நிறுவனம் பின்னர் இத்துறையில் பெரும்பெயர் பெற்றது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான புவா கெயின் செங், சிலாங்கூரில் நெல்வயலும் மீன்பிடித் தொழிலும் சூழ்ந்த செகிஞ்சான் ஊரில் பிறந்தவர். உலகம் பயன்படுத்தும் பொருளை உண்டாக்கப் பெருநகரத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல்லி வைக்கலாம்.

2008-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், உலக அளவில் மேசைக் கணினிகளைக் காட்டிலும் மடிக்கணினிகள் அதிகமாகக் கடைகளுக்குச் சென்றன. அதற்கு முன்பு அப்படி நடந்ததில்லை. 2011-இல் இன்டெல்லும் ஆப்பிளும் 'தண்டர்போல்ட்' என்னும் அதிவேக இணைப்பைக் கொண்டு வந்தன. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'யூ.எஸ்.பி. சி' என்னும் நீள்வட்ட வாசலின் அளவுகள் வெளியிடப்பட்டன. நம் கதையின் தொடக்கத்தில் அந்த மகளின் கணினியில் இருந்த துளை இதுதான். இதற்குள் 24 தொடுமுனைகள் உண்டு. எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். தகவல், படம், மின்சாரம் ஆகிய மூன்றும் இந்த ஒரே வாசல் வழியாகப் போக முடியும்.

இதன் பிறகு கணினி நிறுவனங்கள் துணிந்து மற்ற வாசல்களை மூடத் தொடங்கின. 2015-இல் வந்த 12 அங்குல மேக்புக்கில் இணைப்புக்கென்று இருந்தது ஒரே ஒரு வாசல். 2016-இல் வந்த மேக்புக் புரோ கணினிகளில் பழைய யூ.எஸ்.பி. வாசல் ஒன்றுகூட இல்லை. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் மாதம் ஆப்பிள் நிறுவனம், ஆண்டு இறுதி வரைக்கும் இணைப்புத் துண்டுகளின் விலையைக் குறைப்பதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 19 டாலருக்கு விற்ற ஒரு துண்டு 9 டாலருக்கு வந்தது.

இங்கே சந்தையின் போக்கை நாம் புரிந்து கொள்ள வேண்டும். வாசல்களை நீக்கியதால் கணினி மெலிந்தது. செய்பவருக்கும் பாகங்கள் மிச்சமாயின. ஆனால், வாங்குபவரின் தேவை மறைந்துவிடவில்லை. அது கணினியை விட்டு வெளியேறித் தனிச் சரக்காகக் கடைக்கு வந்தது. முன்பு கணினி விலைக்குள்ளேயே அடங்கியிருந்த வாசலுக்கு இப்பொழுது தனியாகக் காசு கொடுக்கின்றோம். டாக்குகளின் சந்தை இவ்வளவு பெருகியதற்கு இஃது ஒரு முக்கியமான காரணம்.

மற்றொரு காரணம் 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று. அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. உலகெங்கும் அலுவலகம் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை செய்தவர்கள் பெரிய திரையையும் டாக்கையும் தேடினார்கள். ஆனால், நம் தோட்டப்புறங்களில் நடந்தது வேறு. பள்ளிக்கூடம் மூடிய நாள்களில் பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் நடந்தார்கள். 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'செர்டிக்' திட்டத்தின் கீழ் 1,50,000 மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. கருவி இல்லாதவர் கல்வியில் பின்தங்கிப் போவார் என்பதை நாடே உணர்ந்த காலம் அது. ஆகவே டாக், வாசல், கம்பி என்று நாம் பேசுவதெல்லாம் பட்டணத்து அலுவலகக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது.

இனி, இந்த டாக் எப்படி வேலை செய்கின்றது என்று பார்ப்போம். தோட்டத்து லயன் வீடுகளுக்குத் தண்ணீர் வரும் வழியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து ஒரு பெரிய குழாய் வரும். லயத்தில் அது பல குழாய்களாகப் பிரியும். ஒரு வீட்டில் மட்டும் திறந்தால் வேகமாகக் கொட்டும். எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் திறந்தால் மெல்ல வழியும். டாக்கும் இதே மாதிரிதான். கணினியிலிருந்து வரும் ஒரே கம்பியில் உள்ள தகவலை, உள்ளே இருக்கும் சில்லுகள் திரைக்கும் இணையத்துக்கும் நினைவகத்துக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. வாசல்கள் எத்தனை இருந்தாலும், எல்லாவற்றுக்கும் வருவது அந்த ஒரு குழாய்த் தண்ணீர்தான். பத்து வாசல் உள்ளது என்பதற்காக ஒரு டாக்கை உயர்வானது என்று முடிவு செய்யக் கூடாது. பெரிய குழாயின் அளவு என்ன என்றே கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகின்றார்கள். யூ.எஸ்.பி. சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர். அதற்குள் ஓடும் ஆற்றலுக்குப் பெயர் அன்று. பார்ப்பதற்கு ஒரே மாதிரியான இரண்டு கணினிகளில், ஒன்று திரைக்குப் படம் அனுப்பும். மற்றொன்று தகவலை மட்டும் அனுப்பும். ஒன்று நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் ஓடும். தண்டர்போல்ட் உள்ள மற்றொன்று 40,000 மெகாபிட் வேகத்தில் ஓடும். கம்பிகளிலும் இதே வேறுபாடு உண்டு. போதாக்குறைக்கு, யூ.எஸ்.பி. 3.0 என்று இருந்த பெயரை 3.1 என்றும் 3.2 என்றும் மாற்றி மாற்றி வைத்து மக்களைக் குழப்பினார்கள். 2022-ஆம் ஆண்டில்தான் வேகத்தையும் மின்னாற்றலையும் எண்ணாகவே பொதியின் மேல் அச்சிடும் முறையைக் கொண்டு வந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆகவே, கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வோம்.

முதலாவது, நமக்கு உண்மையில் என்ன தேவை? பென்டிரைவும் அச்சு இயந்திரமும் இணைக்க வேண்டும் என்றால், குறைந்த விலையிலான இணைப்புத் துண்டு ஒன்றே போதும். இரண்டு பெரிய திரைகளை வைத்து வேலை செய்பவர்களுக்குத்தான் விலை உயர்ந்த டாக் தேவைப்படும்.

இரண்டாவது, நம் கணினியின் துளை படம் அனுப்புமா? துளையின் பக்கத்தில் உள்ள குறியையும், கணினியோடு வந்த கையேட்டையும் பார்க்க வேண்டும். இயலுமானால் கணினியையே கடைக்குக் கொண்டு போய்ச் செருகிப் பார்த்து வாங்குவோம்.

மூன்றாவது, மின்சாரக் கணக்கு. சிறிய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 45 முதல் 65 வாட் வரை மின்னாற்றல் வேண்டும். டாக் வழியாக மின்சாரம் கொடுத்தால், அதில் ஒரு பகுதியை டாக்கே எடுத்துக் கொள்ளும். மீதி போதவில்லை என்றால் கணினியின் மின்கலம் வேலை செய்யச் செய்ய இறங்கிக் கொண்டே வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றோம். திரை உடைந்து மூலையில் போட்ட பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால் உடனே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம். அதில் எச்.டி.எம்.ஐ. வாசல் இருந்தால், கம்பி ஒன்றைக் கொண்டு வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். உள்ளே பழுதில்லை என்றால், படம் தொலைக்காட்சியில் வரும். பிள்ளைகள் கட்டுரை எழுதுவதற்கும் பாடம் பார்ப்பதற்கும் அது போதும்.

வரலாற்றின் முடிவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. மின்னேற்றுவதற்கு எல்லா நிறுவனங்களும் யூ.எஸ்.பி. சி என்னும் பொது வாசலையே வைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. கைப்பேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 என்றும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்றும் நாள் குறித்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வாசல் வைத்து வாங்குபவரைக் கட்டிப் போட்ட நிலைமையைப் பொது விதி ஒன்று தளர்த்தியது. பொறியாளர்கள் பாதி தூரம் கொண்டு வந்தார்கள். மீதி தூரத்துக்குச் சட்டம் துணை வந்தது.

நேயர்களே, 1972-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கின் பாயான் லெப்பாசில் நிறுவியது. அதைத் தொடர்ந்து எழுந்த மின்னியல் தொழிற்சாலைகளில் நம் தோட்டங்களிலிருந்து புறப்பட்ட எத்தனையோ பெண்மக்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். உருப்பெருக்கியின் கீழ்க் கண்ணை வைத்து, உலகக் கணினிகளுக்குள் போகும் சில்லுகளைத் தொட்டவை அந்தக் கைகள். அந்தத் தாய்மாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடையில் நின்று, எந்தத் துளையில் எது போகும் என்று தெரியாமல் விழிக்கலாமா? காசு கொடுக்கும் முன் கேள்வி கேட்பது நம் உரிமை. அந்த மகளும் தகப்பனாரும் அடுத்த முறை கடைக்குப் போகும்போது, அந்த மூன்று கேள்விகள் எழுதிய தாள் அவர்கள் கையில் இருக்கட்டும்.